மூன்று ஊர், மூன்று சர்வர், ஒரே அறை: மையமில்லாத உரையாடல் குழுவை அமைத்து நடத்தும் முறை

டர்பனில் ஒரு தமிழ்ப் பள்ளிக் குழு, மொரீஷியஸில் ஒரு கோயில் சங்கம், ரீயூனியனில் வார இறுதித் தமிழ் வகுப்பு ஒன்று. இந்த மூன்றும் கூடிப் பேச ஒரு பொதுத் திண்ணை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டர்பன்காரர் பலருக்குப் பிரெஞ்சு வராது. ரீயூனியன் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பெரும்பாலும் பள்ளிப் பாடத்தோடு சரி. நடுவே நிற்கக்கூடிய மொழி தமிழ்தான். தட்டுத் தடுமாறி எழுதினாலும் மூவருக்கும் பொதுவானது அதுதான்.

வாட்ஸாப்பில் குழு தொடங்கினால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் குழு முழுவதும் ஒரு கம்பெனியின் கையில் இருக்கும். ஒரே அட்மினின் கைப்பேசி தொலைந்தாலோ கணக்கு முடங்கினாலோ, அவரிடம் இருந்த பல வருடப் பேச்சும் குழுவை நடத்தும் அதிகாரமும் அதோடு போகலாம். அப்படி ஆகாமல் இருக்கத்தான் மையமில்லாத முறை. அதில் இன்று சங்கங்களுக்கு ஏற்றது, 2014இல் தொடங்கிய மேட்ரிக்ஸ் என்ற திறந்த நெறிமுறை. ஒவ்வொரு ஊரும் தன் சர்வரை வைத்துக்கொள்ளும். அறை, அதாவது கூடிப் பேசும் குழு, எந்த ஒரு சர்வரிலும் தனியாக இருப்பதில்லை. டர்பனில் ஒருவர் எழுதினால் டர்பன் சர்வர் அந்தச் செய்திக்குத் தன் கையொப்பமிட்டு, அறையில் ஆள் வைத்திருக்கும் மற்ற சர்வர்களுக்கு அனுப்பும். ஒவ்வொரு சர்வரும் தனக்கென ஒரு பிரதியை வைத்துக்கொள்ளும்.

இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பேச்சின் பிரதி தானாகவே மூன்று ஊருக்கும் போகும். அதிகாரம் அப்படித் தானாகப் போகாது. அட்மின்கள் எல்லோரும் டர்பன் சர்வரிலேயே இருந்து அந்தச் சர்வர் அழிந்துபோனால், அறை மற்ற இரண்டு ஊரிலும் உயிரோடுதான் இருக்கும். ஆனால் அதன் பெயரை மாற்றவும், வம்பு செய்பவரைத் தடை செய்யவும் ஆளே இருக்காது. அறையைத் திறக்கும் நாளிலேயே அட்மின் அதிகாரம் என்ற சாவியைக் குறைந்தது இரண்டு ஊர்களில் வையுங்கள். கீழே சொல்லும் வேலைகளில் பாதி இந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

யூஸ்நெட் விட்டுச்சென்ற பாடம்

மையமில்லாத உரையாடல் புதிதல்ல. 1979இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் ஆகியோர் யோசித்த யூஸ்நெட்டில் இதே கணக்குதான். ஒரு சர்வரில் எழுதியது பக்கத்துச் சர்வருக்கும், அங்கிருந்து அடுத்ததற்கும் போகும். தமிழர்களுக்கும் அங்கே 'சாக்.கல்ச்சர்.தமிழ்' என்ற குழு இருந்தது. முக்கியப் பிரிவுகளில் புதுக் குழு தொடங்க வேண்டுமானால் முதலில் முன்மொழிவு, பிறகு விவாதம், பிறகு வாக்கெடுப்பு. எதிர் வாக்கைவிட ஆதரவு 100 கூடுதலாகவும், மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்காகவும் இருக்க வேண்டும் என்பது நெடுநாள் விதி. அது தேறினால் 'புதுக் குழு' என்ற கட்டுப்பாட்டுச் செய்தி எல்லா சர்வர்களுக்கும் போகும். ஏற்பதும் விடுவதும் அந்தந்த சர்வர்காரர் இஷ்டம். குழுவை நீக்கும் செய்திக்கும் அதே கதிதான்.

இன்றைக்கு வாக்கெடுப்பு தேவையில்லை. ஆனால் அந்த விதியின் பின்னால் இருந்த எண்ணம் இன்றும் பொருந்தும்: ஆளில்லாத அறையைத் திறக்காதே. புதிய தலைப்பு ஒன்று பொது அறையில் இரண்டு வாரம் தொடர்ந்து பேசப்பட வேண்டும், குறைந்தது இரண்டு ஊரிலிருந்து பத்துப் பேராவது அதில் கலந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அதற்கென்று தனி அறை திறந்தால் போதும். புரட்டாசி விரதச் சமையலுக்கு ஒன்று, காவடி ஏற்பாட்டுக்கு ஒன்று, இலக்கணத்துக்கு ஒன்று என்று முதல் நாளே பன்னிரண்டு அறை திறந்தால் பத்து அறையில் வணக்கம் சொல்ல ஆள் இருக்காது. அந்த வெறுமையைப் பார்த்தே புதியவர்கள் போய்விடுவார்கள்.

சர்வர்: முதலில் பெயர்

எல்லாவற்றுக்கும் முன்னால் டொமைன் பெயர், அதாவது சங்கத்தின் இணைய முகவரி. சினாப்ஸ் என்ற மேட்ரிக்ஸ் சர்வர் மென்பொருளை நிறுவும்போது சர்வரின் பெயர் கேட்கும். அங்கே எழுதியதைப் பிறகு மாற்றவே முடியாது. ஒவ்வொரு பயனர் பெயரின் வாலிலும் அது ஒட்டிக்கொள்ளும். கணக்கை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போகவும் வழியில்லை. எனவே டொமைன் சங்கத்தின் பெயரில் பதிவாகியிருக்கட்டும், கணினி தெரிந்த ஒரு தம்பியின் சொந்தப் பெயரில் வேண்டாம். புதுப்பிக்கும் தேதி செயலாளர், பொருளாளர் இருவர் நாட்காட்டியிலும் இருக்கட்டும்.

நூறு பேர் வரை உள்ள சங்கத்துக்கு 2 ஜிபி நினைவகம், 2 கோர், 40 ஜிபி டிஸ்க் உள்ள வாடகை மெய்நிகர் சர்வர் போதும். உறுப்பினர் எண்ணிக்கையைவிட அவர்கள் எந்த அறைகளில் சேர்கிறார்கள் என்பதுதான் சர்வரைத் தின்னும். உங்கள் உறுப்பினர் ஒருவர் உலகப் பொது அறை ஒன்றில், பல்லாயிரம் பேர் இருக்கும் இடத்தில், சேர்ந்தால் அந்த அறையின் நிலைத் தகவல் (யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு என்ன அதிகாரம் என்பது) முழுவதும் உங்கள் சர்வருக்கு இறங்கும். சர்வர் திடீரென்று மூச்சுவாங்கினால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். மிகப் பெரிய அறைகளில் சேரவிடாமல் தடுக்க சினாப்ஸின் அமைப்புக் கோப்பில் வழி உண்டு.

தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ்தான். நிறுவியதும் கூட வரும் எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளம் சோதனைக்கு மட்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்கும்போது எழுத்துமுறை யூடிஎஃப்-8 ஆகவும், வரிசைமுறை 'சி' என்றும் இருக்க வேண்டும். வேறு வரிசைமுறை வைத்தால் இயங்குதளத்தைப் புதுப்பிக்கும்போது அகரவரிசை விதி மாறி, அட்டவணைகளின் சுட்டு கெட்டுப்போகும். அதனால்தான் சினாப்ஸ் அந்தத் தரவுத்தளத்தோடு தொடங்கவே மறுக்கும்.

முன்னால் என்ஜின்எக்ஸ் போன்ற ஒரு வலை சர்வர் நின்று 443ஆம் போர்ட்டில் (இணைப்பு வாசலில்) வருவதை உள்ளே 8008க்குத் தள்ளும். இதில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும். முதலாவது: படம் அனுப்பினால் 413 என்ற பிழை வரும். சினாப்ஸ் 50 எம்பி வரை ஏற்கும், ஆனால் என்ஜின்எக்ஸ் தானாக 1 எம்பிக்கு மேல் விடாது. இரண்டையும் ஒரே அளவில் வையுங்கள். பிரீபெய்ட் டேட்டாவில் இருப்பவர்கள் நிறைந்த குழுவுக்கு 10 எம்பி நியாயமான அளவு. இரண்டாவது: பயனரின் உண்மையான ஐபி முகவரியை முன்சர்வர் உள்ளே அனுப்பாவிட்டால், எல்லோரும் ஒரே முகவரியிலிருந்து வருவதாக சினாப்ஸ் நினைக்கும். ஒருவர் கடவுச்சொல்லைப் பலமுறை தவறாக அடித்தால், அந்தத் தடை ஊருக்கே விழும்.

கணக்குப் பதிவு நிறுவும்போதே மூடியிருக்கும். அதை அப்படியே எல்லோருக்கும் திறந்துவிடாதீர்கள். ஓரிரு நாளில் குப்பைக் கணக்குகள் குவியும். மற்ற சர்வர்கள் உங்கள் பெயரைத் தடைப் பட்டியலில் சேர்க்கும், அதிலிருந்து வெளியே வருவது சுலபமில்லை. பதிவு டோக்கன் முறையை வையுங்கள், அதாவது நீங்கள் கொடுத்த குறியீடு இருந்தால் மட்டுமே கணக்குத் தொடங்க முடியும். 25 மாணவர்கள் உள்ள வகுப்புக்கு 25 தடவை பயன்படுத்தக்கூடிய, 7 நாளில் காலாவதியாகும் ஒரு டோக்கன் உருவாக்கி ஆசிரியரிடம் கொடுங்கள். மீதமிருந்தால் அது தானாகவே செத்துவிடும்.

வெளி உலகத்தோடு பேச வைப்பது

பயனர் பெயரின் வாலில் சங்கத்தின் டொமைன் மட்டும் இருக்க வேண்டும், சர்வர் ஓடுவது வேறொரு உபடொமைனில் என்றால், சங்கத்தின் வலைத்தளத்தில் 'வெல்-நோன்' என்ற அடைவுக்குள் இரண்டு சிறு கோப்புகள் வைக்க வேண்டும். ஒன்று மற்ற சர்வர்களுக்கு வழிகாட்டும், இன்னொன்று பயனரின் செயலிக்கு. முதலாவது கோப்பில் சர்வரின் முழுப் பெயரும் போர்ட் எண் 443ம் இருந்தால், வழக்கமான 8448ஆம் போர்ட்டைத் திறக்கவே தேவையில்லை. இரண்டாவது கோப்பை எந்த வலைப்பக்கத்திலிருந்தும் படிக்கலாம் என்ற அனுமதித் தலைப்போடு அனுப்ப வேண்டும். அது இல்லாவிட்டால் கைப்பேசிச் செயலியில் வேலை செய்யும், உலாவியில் வேலை செய்யாது. இந்த அறிகுறியைப் பார்த்தால் வேறெங்கும் தேடாதீர்கள்.

இந்தக் கோப்பைப் படித்த சர்வர்கள் சுமார் 24 மணி நேரம் அதை நினைவில் வைத்திருக்கும். தவறாக எழுதித் திருத்தினாலும் மறுநாள்தான் எல்லோருக்கும் சரியாகும். பதறிப்போய் மறுபடி மறுபடி மாற்றினால் குழப்பம்தான் கூடும். மேட்ரிக்ஸ் நிறுவனமே நடத்தும் ஃபெடரேஷன் டெஸ்டர் (சர்வர்களுக்கிடையே இணைப்பைச் சோதிக்கும்) பக்கத்தில் உங்கள் டொமைனைக் கொடுத்துப் பச்சை வந்ததும் கையை எடுங்கள்.

சர்வர் உண்மையானதுதான் என்று காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாவது எல்லாவற்றிலும் மோசமான பழுது, ஏனென்றால் அது சத்தமில்லாமல் வரும். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழுக்கு 90 நாள் ஆயுள். தானாகப் புதுப்பிக்கும் வேலை ஏதோ காரணத்தால் நின்றுபோனால், ஏற்கெனவே செயலியைத் திறந்து வைத்திருக்கும் டர்பன்காரர்கள் சிலருக்கு எதுவும் தெரியாமலே போகலாம். ஆனால் மொரீஷியஸிலிருந்து ஒரு வரியும் வராது. 'தீவுக்காரர்கள் ஏன் இத்தனை நாளாகப் பேசவில்லை' என்று யாராவது கேட்டால் மனஸ்தாபத்தைத் தேடுவதற்கு முன் சான்றிதழின் தேதியைப் பாருங்கள். புதுப்பிக்கும் முறை 80ஆம் போர்ட்டைக் கேட்பதாக இருந்தால் அதை மூடிவிடக் கூடாது.

அறை திறக்கும் நாள்

அறையின் முகவரி, அதாவது # என்ற கட்டக்குறியில் தொடங்கும் பெயர், தமிழ் எழுத்திலும் இருக்கலாம். ஆனால் அதை இணைப்பாக வாட்ஸாப்பில் அனுப்பினால் ஒவ்வொரு எழுத்தும் சதவீதக் குறியும் எண்ணுமாக உடைந்து நாலு வரிக்கு நீளும், பாதியில் வெட்டுப்பட்டுத் திறக்காமல் போகும். முகவரியை ரோமன் எழுத்தில் சுருக்கமாக வையுங்கள். திரையில் தெரியும் அறையின் பெயரும் விளக்கமும் தமிழில் இருக்கட்டும். பயனர் பெயரில் ரோமன் சிறிய எழுத்துகளும் எண்களும் சில குறிகளும் மட்டுமே செல்லும். காட்சிப் பெயரைத் தமிழில் வைத்துக்கொள்ளலாம், வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஒரே அறைக்கு மூன்று முகவரி கொடுங்கள், ஊருக்கு ஒன்று. டர்பன் சர்வர் விழுந்தால் டர்பன் முகவரி வழியாக யாரும் உள்ளே வர முடியாது. மொரீஷியஸ் முகவரி வேலை செய்யும். அறைக்குள் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு இதனால் பாதிப்பில்லை, புதிதாக வருபவருக்குத்தான் வாசல் வேண்டும்.

முனைக்கு-முனை மறையாக்கம், அதாவது பேசுபவர்களைத் தவிர சர்வரும் படிக்க முடியாத பூட்டு, வேண்டுமா என்று செயலி கேட்கும். பொது அறைக்கு வேண்டாம். ஒருமுறை போட்டால் அந்த அறையில் அதை நிறுத்தவே முடியாது. அப்புறம் புதிதாகச் சேர்ந்தவருக்குப் பழைய செய்திகள் திறக்காமல் போகலாம், சர்வர் வழியாகத் தேடவும் முடியாது. சங்கத்தின் நிர்வாகக் குழு அறைக்கும், பணக் கணக்கு பேசும் அறைக்கும் கட்டாயம் போடுங்கள். பழைய பேச்சு யாருக்குத் தெரியும் என்ற அமைப்பை 'உறுப்பினர்களுக்கு, தொடக்கத்திலிருந்து' என்று பொது அறையில் வையுங்கள்.

இப்போது அதிகார எண்கள். மேட்ரிக்ஸில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு: சாதாரண உறுப்பினருக்கு 0, மாடரேட்டருக்கு 50, அட்மினுக்கு 100. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு எண் உண்டு. செய்தி எழுத 0, வெளியேற்றவும் தடை செய்யவும் பிறர் செய்தியை நீக்கவும் 50, அதிகார எண்களையே மாற்ற 100. அறிவிப்பு அறை என்றால் எழுதும் எண்ணை 50 ஆக்கினால் போதும், உறுப்பினர்கள் படிக்க மட்டும் செய்வார்கள். ஒருவர் தன் எண்ணுக்குச் சமமானவரை இறக்க முடியாது. அதனால் 100 கொடுப்பது திரும்பப் பெற முடியாத தானம். கோபித்துக்கொண்டு போன அண்ணனுடைய 100 அவராக இறங்கும் வரை அப்படியே இருக்கும். மாடரேட்டர் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கட்டும், 100 மூன்று பேருக்கு மேல் வேண்டாம்.

2025இல் வந்த 12ஆம் அறைப் பதிப்பு (அறை இயங்கும் விதிகளின் தொகுப்பு) இதில் ஒரு பெரிய மாற்றம் செய்தது. அறையை உருவாக்கியவருக்கு எல்லையற்ற அதிகாரம், அதை யாரும் குறைக்க முடியாது, அவரே நினைத்தாலும் முடியாது. கூடவே உருவாக்கும் நேரத்திலேயே 'கூடுதல் உருவாக்குநர்கள்' என்று மற்றவர்களையும் சேர்க்கலாம், பிறகு சேர்க்க முடியாது. ஆகையால் இந்தப் பதிப்பில் அறை திறக்கும்போது மூன்று ஊரிலிருந்தும் ஒவ்வொருவரை அந்தப் பட்டியலில் போடுங்கள். தனிநபர் கணக்கைவிட 'செயலாளர்' என்ற பதவிக் கணக்காக இருந்தால் நல்லது. ஆள் மாறும்போது கடவுச்சொல் மாறும், சாவி சங்கத்திடமே இருக்கும்.

சாவிகளை எந்த ஊரில் வைப்பது என்பதற்கும் கணக்கு உண்டு. 2024 ஜனவரியில் பெலால் புயல் ரீயூனியனைத் தாக்கிவிட்டு மொரீஷியஸையும் வெள்ளக்காடாக்கியது. அருகருகே உள்ள இரண்டு தீவுகள், ஒரே புயலுக்கு இரண்டும் படுத்துவிடலாம். இரண்டு சாவியும் தீவுகளில் மட்டும் இருந்தால் அது ஒரு சாவிக்குச் சமம். ஒன்று டர்பன் பக்கம் இருக்கட்டும்.

தமிழ் எழுத்து சம்பந்தப்பட்ட சில விஷயங்கள்

ஒரு செய்தியின் உச்ச அளவு 65,536 பைட். யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கு 3 பைட் ஆகும், 'கோ' என்றால் 6. தடித்த எழுத்து போன்ற அலங்காரம் செய்தால் அதே உரை இரண்டு வடிவில் போகும், இடம் பாதியாகும். நீண்ட கட்டுரையை ஒட்டி, அது போகாமல் நின்றால் காரணம் இதுதான். கோப்பாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

தேடலும் தமிழுக்குப் பழகவில்லை. 'கோயில்' என்று தேடினால் 'கோயிலில்' என்று எழுதியது வராது. வேற்றுமை உருபு சேரும்போது கடைசி ல் என்ற எழுத்தின் புள்ளி போய் இகரக் குறி வந்து உட்காருகிறது. கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொல். இதற்கு எளிய வழி, முக்கியமான செய்திகளின் முதல் வரியில் உருபு சேராத சொல்லைத் தலைப்பாகப் போடும் பழக்கம்: 'காவடி - நேரம்', 'தேர்வு - பாடத்திட்டம்'. மூன்று வருடம் கழித்துத் தேடும்போது அது கைகொடுக்கும்.

தமிழைக் கேட்டால் புரியும், எழுத்து வராது என்பவர்கள் டர்பனிலும் தீவுகளிலும் நிறைய. அவர்கள் ரோமன் எழுத்தில் தமிழ் எழுதுவதைத் தடுக்காதீர்கள். வேண்டுமானால் தமிழ் எழுத்து மட்டும் என்று ஒரு பயிற்சி அறை தனியாக இருக்கட்டும். பொது அறையில் எழுத்துப்பிழை திருத்துபவரை மாடரேட்டர் மெதுவாக நிறுத்த வேண்டும். ஒருமுறை எல்லோர் முன்னாலும் திருத்தப்பட்டவர் அடுத்து எழுதவே மாட்டார்.

வம்பும் தடையும்

ஒரு செய்தியை மாடரேட்டர் நீக்கினால், 'இதை அழி' என்ற கட்டளை எல்லா சர்வருக்கும் போகிறது. ஒழுங்காக நடத்தப்படும் சர்வர் அழிக்கும். ஆனால் கூட வந்த படத்தின் பிரதி வெளி சர்வரின் சேமிப்பில் தங்கியிருக்கலாம். உங்கள் சர்வரிலிருந்து ஒரு அறையையே அழித்தாலும் உங்கள் பிரதிதான் போகும், மற்ற ஊரில் அறை நடந்துகொண்டே இருக்கும். 'அழித்துவிட்டோம்' என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். 'நீக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறோம், மற்ற இரண்டு அட்மினுக்கும் சொல்லியிருக்கிறோம்' என்று சொல்லுங்கள்.

ஒருவரைத் தடை செய்வது சுலபம். ஒரே சர்வரிலிருந்து ஐம்பது கணக்கில் வருபவரை அப்படித் தடுக்க முடியாது. அதற்குத்தான் சர்வர் தடைப் பட்டியல். அது இரண்டு வரிசையுள்ள ஒரு சிறிய பதிவு: அனுமதி, மறுப்பு. அனுமதி வரிசையில் ஒரே ஒரு நட்சத்திரக்குறி, அதாவது எல்லோரும் வரலாம். மறுப்பு வரிசையில் வேண்டாத சர்வரின் பெயர். இந்த நட்சத்திரத்தை மறந்து, மறுப்பை மட்டும் எழுதிச் சேமித்தால் என்ன ஆகும்? அனுமதி காலி என்றால் யாருக்கும் அனுமதி இல்லை என்று பொருள். அந்த நொடியிலிருந்து ஒவ்வொரு சர்வரும் மற்ற எல்லா சர்வரையும் மறுக்கும். டர்பன்காரர் டர்பனோடு பேசிக்கொண்டிருப்பார், மொரீஷியஸ்காரர் மொரீஷியஸோடு. தவறை உணர்ந்து திருத்தி அனுப்பினாலும் அந்தத் திருத்தத்தையே மற்றவர்கள் வாங்க மாட்டார்கள். அறை அதோடு முடிந்தது, புதிதாகத் திறக்க வேண்டியதுதான். ஆகவே இந்தப் பதிவைக் கையால் எழுதாதீர்கள். மாடரேட்டர் வேலையைத் தானாகச் செய்யும் டிராப்னிர் என்ற நிரலிடம் விடுங்கள். அதற்கு அறையில் 100 வேண்டும், ஏனென்றால் தடைப் பட்டியலை மாற்ற வழக்கமாகக் கேட்கப்படும் எண் அதுதான். மற்ற சமூகங்கள் பராமரிக்கும் தடைக் கொள்கைப் பட்டியல்களையும் அது பின்தொடரும், மூன்று ஊர் அறைகளிலும் ஒரே நேரத்தில் தடையைப் போடும்.

மின்சாரம், கேபிள், பேக்கப்

தென்னாப்பிரிக்காவில் 2007இலிருந்து லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது, பழகிப்போன சொல். வீட்டில் ஒரு பழைய கணினியில் சர்வர் வைக்கலாம் என்று நினைப்பவர்கள் ரூட்டருக்கும் சேர்த்து யூபிஎஸ் வாங்கியாக வேண்டும். சர்வர் இரண்டு மணி நேரம் நின்றால் செய்தி எதுவும் தொலையாது. மற்ற சர்வர்கள் வரிசையில் வைத்துக்கொண்டு, இடைவெளியைக் கூட்டிக் கூட்டித் திரும்ப முயலும். நின்ற நேரம் நீண்டால் அந்த இடைவெளியும் நீளும். எனவே சர்வர் திரும்பி வந்ததும் ஒவ்வொரு அறையிலும் ஒரு வரி எழுதுங்கள். உங்களிடமிருந்து ஏதாவது வந்ததும் மற்றவை காத்திருப்பை விட்டு உடனே பேசத் தொடங்கும்.

மூன்று ஊரையும் கடலடியில் இணைக்கும் கேபிள்களில் சேஃப், மெட்டிஸ் இரண்டும் முக்கியமானவை. இரண்டும் டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணக் கரையில் ஏறுகின்றன. கேபிள் அறுந்து ஊர்கள் பிரிந்தால் ஒவ்வொரு ஊரும் தனக்குள் பேசிக்கொண்டே இருக்கலாம், இணைப்பு வந்ததும் பேச்சு ஒன்றுசேரும். பிரிந்திருந்த நேரத்தில் முரணான முடிவுகள் எடுத்திருந்தால், உதாரணமாக ஓர் ஊர் ஒருவரைத் தடை செய்து இன்னோர் ஊர் அவரையே மாடரேட்டர் ஆக்கியிருந்தால், சர்வர்கள் எல்லாம் ஒரே விதியால் தீர்மானிக்கும். அதிகாரம் சம்பந்தப்பட்ட செயல்கள் முதலில், அவற்றுள்ளும் கூடுதல் எண் உள்ளவருடையது முதலில், எண் சமமானால் நேரத்தில் முந்தியது முதலில். சர்வரின் கடிகாரம் தவறாக ஓடினால் இங்கேதான் தகராறு. நேர ஒத்திசைவு மென்பொருளை நிறுவி ஓடவிடுங்கள்.

பேக்கப்பில் நான்கு பொருள் வேண்டும்: தரவுத்தளம், படங்களும் கோப்புகளும் உள்ள அடைவு, அமைப்புக் கோப்பு, கையொப்பச் சாவிக் கோப்பு. கடைசியது சில வரிதான், பலர் விட்டுவிடுவதும் அதைத்தான். அது போனால் உங்கள் பெயரில் வரும் செய்தி உங்களுடையதுதானா என்று மற்ற சர்வர்கள் சந்தேகப்படத் தொடங்கும். அதை ஒரு யூஎஸ்பியில் எடுத்து, சங்கப் பதிவேடு இருக்கும் பெட்டியில் பூட்டி வையுங்கள். தரவுத்தளத்தை எடுக்கும்போது, மறையாக்கத்துக்கு ஒரே தடவை பயன்படும் ஒருமுறைச் சாவிகள் உள்ள அட்டவணையின் உள்ளடக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். பழைய பேக்கப்பிலிருந்து மீட்டால் ஏற்கெனவே செலவான சாவிகள் மறுபடி வெளியே போகும், மறையாக்க அறைகளில் 'இந்தச் செய்தியைத் திறக்க முடியவில்லை' என்று வரிசையாக வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறொரு கணினியில், இணையத்தைத் துண்டித்து வைத்து, மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

பிள்ளைகளும் சட்டமும்

மூன்று நாட்டுச் சட்டமும் மூன்று வயது சொல்கிறது. தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், போப்பியா, 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் தகவலுக்குப் பெற்றோர் போன்ற பொறுப்பாளரின் சம்மதம் கேட்கிறது. மொரீஷியஸின் 2017 சட்டத்தில் 16. ரீயூனியன் பிரான்ஸின் பகுதி என்பதால் ஐரோப்பியத் தரவு விதி அங்கே செல்லும், பிரான்ஸ் வைத்த வயது 15. ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு கணக்கு என்று போகாமல், எல்லோருக்கும் 18 என்று வைத்து, அதற்குக் கீழே உள்ளவர்களுக்குக் கையெழுத்திட்ட சம்மதத் தாள் வாங்குங்கள். பிள்ளைகள் இருக்கும் அறை அழைப்பின் பேரில் மட்டும் திறக்கட்டும், பொதுப் பட்டியலில் தெரிய வேண்டாம். அதில் ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஓர் ஆசிரியராவது மாடரேட்டராக இருக்க வேண்டும். தென்னாப்பிரிக்கச் சங்கம் தன் தகவல் அதிகாரியைத் தகவல் ஒழுங்குமுறை அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பதும் மறந்துவிடக் கூடாத வேலை.

அறையைப் புதிய பதிப்புக்கு மாற்றுவது

பழைய பதிப்பில் குறை தெரிந்தால் அறையைப் 'புதுப்பிக்க' வேண்டும். பெயர்தான் அப்படி, உண்மையில் புதிய அறை ஒன்று பிறக்கும், பழையதில் ஒரு நடுகல் போல 'அங்கே போங்கள்' என்ற குறிப்பு நிற்கும். பெயர், படம், தடைகள் எல்லாம் கூடவே போகும். பழைய பேச்சு பழைய அறையிலேயே இருக்கும். உறுப்பினர்கள் தானாகப் போக மாட்டார்கள், ஒவ்வொருவரும் அந்தக் குறிப்பை அழுத்த வேண்டும். ஆகையால் ஒரு வாரம் முன்பே தமிழில் தெளிவாக அறிவித்துவிடுங்கள், அந்தப் பொத்தான் எங்கே இருக்கும் என்ற படத்தோடு.

கவனிக்க வேண்டிய இடம் முகவரிகள். மாற்றத்தைச் செய்பவரின் சர்வரில் உள்ள முகவரி மட்டும்தான் புதிய அறைக்குத் தானாக நகரும். டர்பன் அட்மின் மாற்றினால் டர்பன் முகவரி நகரும், மற்ற இரண்டும் பழைய அறையையே காட்டிக்கொண்டிருக்கும். ரீயூனியன் அட்மின் ஊரில் இல்லாத நேரத்தில் இதைச் செய்தால், அந்த முகவரி வழியாக வரும் புதியவர் ஆளில்லாத அறையில் போய் நிற்பார். மூன்று அட்மினும் திரை முன்னால் இருக்கும் நேரமாகப் பாருங்கள். இரண்டு தீவுகளும் டர்பனைவிட 2 மணி நேரம் முன்னால், வருடம் முழுவதும் அப்படித்தான். டர்பனில் மாலை 6 மணி என்றால் அங்கே இரவு 8. டர்பன் அட்மின் மாற்றத்தைச் செய்ததும் மற்ற இருவரும் தங்கள் முகவரியைப் பழைய அறையிலிருந்து கழற்றிப் புதியதில் மாட்டட்டும். பிறகு மூவரும் அடுத்த ஊரின் முகவரி வழியாக ஒரு சோதனைக் கணக்கில் நுழைந்து பார்த்துவிட்டு எழுந்திருக்கலாம்.